கையில் ஒரே ஒரு டிஎம்: யாருக்குக் கற்றுக்கொடுப்பது?

மே மாத விடுமுறைக்கு அக்கா பையன் கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரிக்கு வந்திருக்கிறான். வந்த மூன்றாம் நாளே பரணில் கிடந்த என்னுடைய பழைய கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியைக் கண்டுபிடித்துவிட்டான். உள்ளே போகிமான் ஃபயர்ரெட் கேட்ரிட்ஜ். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக் கரண்டும் போய்விட்டால் இந்த வீட்டில் பையனுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. முதல் ஜிம்மை (ஊருக்கு ஊர் இருக்கும் பெரிய சண்டைக்களம்) ஜெயித்ததும் ஓடிவந்து, "சித்தி, ஒரு டிஎம் குடுத்திருக்காங்க, யாருக்குப் போடட்டும்?" என்றான். நான் அடுப்பிலிருந்து திரும்புவதற்குள், முடியும் என்று திரையில் காட்டிய முதல் போகிமானுக்கே போட்டுவிட்டான். "இப்போ அந்த டிஎம் எங்க போச்சு?" என்று அடுத்த கேள்வி.

அன்று சாயங்காலம் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வகை விளையாட்டைப் புதிதாகத் தொடங்கும் எல்லோருக்கும் இது உதவும்.

முதலில், டிஎம் என்றால் என்ன? நாம் பிடித்துச் சண்டைக்கு இறக்கும் பிராணிதான் போகிமான்; அது லெவல் ஏறும்போது சில மூவ்களை, அதாவது சண்டை வித்தைகளை, தானாகவே கற்றுக்கொள்ளும். தானாக வராத மூவ்களைக் கற்றுக்கொடுக்க உதவும் பொருள்தான் டிஎம். ஒரு போகிமானால் ஒரே சமயத்தில் நான்கு மூவ்களைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஐந்தாவது வேண்டுமென்றால் ஒன்றை மறக்க வேண்டும். ஃபயர்ரெட், லீஃப்கிரீன் இரண்டும் 2004இல் வந்தவை. அவற்றில் 50 டிஎம்கள் உண்டு, ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். போட்டால் தீர்ந்தது. மூவ் கற்றுக்கொடுக்கும் இன்னொரு வகைப் பொருளான எச்எம்கள் (கட், சர்ஃப், ஃப்ளை மாதிரி) அப்படியல்ல, எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் எச்எம் மூவை நம் இஷ்டத்துக்கு மறக்கவைக்க முடியாது. அதற்கு ஃபுக்‌ஷியா சிட்டியில் இருக்கும் மறக்கவைப்பவரிடம் போக வேண்டும். எனவே உங்கள் பிரதான போகிமானுக்கு கட், ஃப்ளாஷ் இரண்டையும் போட்டு இடத்தை அடைக்காதீர்கள். அந்த வேலைக்கென்று தனியாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆடுவது எந்தப் பதிப்பு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2010இல் வந்த பிளாக், ஒயிட்டிலிருந்து பல வருடங்களுக்கு டிஎம் தீராத பொருளாக இருந்தது. 2019இன் ஸ்வோர்ட், ஷீல்டில் டிஎம் தீராது, ஆனால் டிஆர் என்று ஒருமுறை மட்டும் பயன்படும் தனி வகை வந்தது. 2022இன் ஸ்கார்லெட், வயலெட்டில் டிஎம் மறுபடி ஒருமுறைப் பொருளானது. ஆனால் பொருட்களைச் சேர்த்து, போகிமான் சென்டரில் உள்ள மெஷினில் நாமே திரும்பச் செய்துகொள்ளலாம். இனி நான் சொல்லும் விவரமெல்லாம் ஃபயர்ரெட்டுக்கானது. யோசிக்கும் முறை மட்டும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

படி 1: சேவ் பண்ணிவிட்டுத் தொடுங்கள்

டிஎம் போடுவதற்கு முன்னால் சேவ் பண்ணுங்கள். போட்டபின் இரண்டு மூன்று சண்டை போட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் மறுபடி சேவ் பண்ணாமல் ஆஃப் செய்து திரும்ப ஆரம்பியுங்கள், டிஎம் கையில் இருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் இப்படிச் சோதிக்கலாம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

படி 2: சுள்ளி எது, கட்டை எது என்று பிரியுங்கள்

எங்கள் வீட்டில் அம்மா விறகை இரண்டாகப் பிரித்துத்தான் அடுக்குவார். தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது கிடைக்கும் சுள்ளி தினசரி அடுப்புக்கு. நன்றாகக் காய்ந்த கற்பூர மரக் கட்டை, ஜூன், ஜூலை மழையில் எதுவுமே காயாத நாட்களுக்கு. சுள்ளியை எரிக்க அம்மா யோசிக்கவே மாட்டார். கட்டையில் கைவைத்தால் மட்டும், "இன்னைக்கு என்ன அவ்வளவு குளிரு?" என்று ஒரு கேள்வி வரும்.

டிஎம்களையும் இப்படிப் பிரிக்க வேண்டும். கடையில் திரும்ப வாங்க முடிவது சுள்ளி. செலடன் சிட்டியின் பெரிய கடையில் டிக், பிரிக் பிரேக், ஹைப்பர் பீம் போன்றவை விற்கின்றன. பிரிக் பிரேக் ஆட்டத்துப் பணத்தில் 3,000தான், பலம் 75. தாராளமாகப் போடுங்கள். டிக்கை இன்னும் முன்னாலேயே, செருலியன் சிட்டியில் ராக்கெட் கும்பல்காரனைத் தோற்கடித்தால் வாங்கிவிடலாம். மூன்றாவது ஜிம்மான லெஃப்டினன்ட் சர்ஜின் எலெக்ட்ரிக் போகிமான்களுக்கு அதுதான் மருந்து. நீங்கள் சார்மாண்டரோடு தொடங்கியிருந்தால் அதற்கே போடலாம். குகையிலிருந்து சட்டென்று வெளியே வரவும் உதவும்.

ஆட்டம் முழுக்க ஒன்றே ஒன்றுதான் கிடைப்பது கட்டை. கடைசி ஜிம்மில் ஜியோவானி தரும் எர்த்க்வேக், சஃப்ரான் சிட்டியில் ஒரு வீட்டில் கிடைக்கும் சைக்கிக் இரண்டும் இந்த வகை. முதல் ஜிம்மின் ராக் டூம்பும் ஒன்றுதான், ஆனால் பலம் 50, பத்தில் இரண்டு முறை குறிதவறும். அதை வைத்துக் காப்பாற்ற வேண்டியதில்லை. பையனிடமும் அதைத்தான் சொன்னேன்: போனது போகட்டும் கண்ணா, பெரிய நஷ்டமில்லை.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒரு வகை இருக்கிறது. திரும்ப வாங்கலாம், ஆனால் விலை கண்ணைக் கட்டும். செலடன் கேம் கார்னரில் தண்டர்போல்ட், ஐஸ் பீம், ஃப்ளேம்த்ரோயர் மூன்றும் தலா 4,000 காயின். 500 காயின் வாங்க 10,000 ஆகிறது. அதாவது ஒரு டிஎம்முக்கு 80,000. அங்கே ஸ்லாட் மெஷினில் உட்கார்ந்து நேரத்தைக் கரைப்பதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன், பணம் சேர்த்து நேராக வாங்குங்கள். நாற்பது வகை போகிமானைப் பிடித்துவிட்டு ரூட் 16இல் இருக்கும் பேராசிரியரின் உதவியாளரைப் பார்த்தால் அம்யூலெட் காயின் தருவார். அதை வைத்திருக்கும் போகிமான் சண்டையில் இறங்கினால் பரிசுப் பணம் இரட்டிப்பு. வெர்மிலியன் சிட்டி போகிமான் சென்டரில் விஎஸ் சீக்கர் கிடைக்கும், நூறு அடி நடந்தால் அது சார்ஜ் ஆகும், பழைய ட்ரெய்னர்களோடு மறுபடி மோதலாம். இரண்டும் சேர்ந்தால் 80,000 மலையாகத் தெரியாது.

படி 3: அது தானாகக் கற்றுக்கொள்ளுமா என்று பாருங்கள்

இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். நான் முதல்முறை ஆடியபோது நாட்கணக்கில் பணம் சேர்த்து, தண்டர்போல்ட் வாங்கி, என் பிகாச்சுவுக்குப் போட்டேன். பிறகு ஒருநாள் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினேன். புது பிகாச்சு 26ஆம் லெவலைத் தொட்டதும், தண்டர்போல்ட் கற்றுக்கொள்ளட்டுமா என்று அதுவே கேட்டது. அந்த 80,000ஐ நினைத்து வெகுநேரம் ஆட்டத்தை நிறுத்திவைத்து உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பிகாச்சுவுக்குத் தண்டர் ஸ்டோன் கொடுத்து ராய்ச்சுவாக மாற்றிவிட்டால், ராய்ச்சு லெவல் ஏறும்போது தண்டர்போல்ட் வராது. எனவே 26 வரை பொறுங்கள், மூவ் வந்ததும் கல்லைக் கொடுங்கள். கல்லால் மாறும் போகிமான் எதுவானாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டே மாற்றுங்கள்.

சார்மாண்டர் குடும்பத்துக்கு ஃப்ளேம்த்ரோயர் தானாக வரும், சார்மீலியனாகவோ சாரிஸார்டாகவோ இருந்தால் 34ஆம் லெவலில். கடாப்ராவுக்கு சைக்கிக் தானாக வரும். சில்ஃப் கட்டடத்தில் இலவசமாகக் கிடைக்கும் லாப்ராஸுக்கு ஐஸ் பீம் தானாக வரும். டிக்லெட், ஜியோடூட் குடும்பங்களுக்கு எர்த்க்வேக்கே தானாக வரும். இவற்றுக்கு அந்த டிஎம்மைப் போடுவது கிணற்றடியில் இருப்பவனுக்குக் குடத்தில் தண்ணீர் சுமப்பது மாதிரி.

லெவலில் வந்த மூவை அவசரப்பட்டு மறக்கவைத்துவிட்டாலும் பரவாயில்லை. டூ ஐலண்டில் ஒருவர் இரண்டு டைனி மஷ்ரூமோ ஒரு பிக் மஷ்ரூமோ வாங்கிக்கொண்டு திரும்ப நினைவுபடுத்துவார். ஆனால் டிஎம்மால் வந்த மூவை அவரால் மீட்க முடியாது. மறக்கவைத்தால் போனது போனதுதான். நான்கு மூவ் நிறைந்திருக்கும்போது எதைத் தூக்குவது என்று கேட்டால், லெவலில் வந்ததைத் தூக்குங்கள்.

படி 4: பலம் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஒவ்வொரு போகிமானுக்கும் அட்டாக், ஸ்பெஷல் அட்டாக் என்று இரண்டு எண்கள். இந்தப் பழைய ஆட்டங்களில் எந்த மூவ் எந்த எண்ணில் ஓடும் என்பதை மூவின் வகையே தீர்மானிக்கும். ஃபயர், வாட்டர், கிராஸ், எலெக்ட்ரிக், ஐஸ், சைக்கிக், டிராகன், டார்க் எல்லாம் ஸ்பெஷல் அட்டாக்கில் ஓடும். மற்றவை அட்டாக்கில். மூவுக்கு மூவ் தனித்தனி என்று மாறியது 2006இன் டயமண்ட், பேர்ல் ஆட்டங்களில்தான்.

கெங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கோஸ்ட் வகை, ஷேடோ பாலும் கோஸ்ட் மூவ், பார்த்தால் பொருத்தமான ஜோடி. ஆனால் இந்த ஆட்டத்தில் கோஸ்ட் மூவ் அட்டாக்கில் ஓடுகிறது. கெங்கரின் அடிப்படை அட்டாக் 65, ஸ்பெஷல் அட்டாக் 130. அதன் பாதி வலுதான் அடியில் இறங்கும். 4,500 காயின் கொடுத்து வாங்கிய ஷேடோ பால் அங்கே வீண்.

அடுத்து, போகிமானின் வகையும் மூவின் வகையும் ஒன்றானால் அடி ஒன்றரை மடங்கு. எர்த்க்வேக்கை யாருக்குப் போடுவது என்று நாங்கள் நோட்டில் கணக்குப் போட்டோம். எர்த்க்வேக் பலம் 100. நிடோகிங்கின் அட்டாக் 92, அதுவும் கிரவுண்ட் வகை, எனவே 150 ஆகிறது, பெருக்கினால் 13,800. கியாரடோஸின் அட்டாக் 125, ஆனால் ஒன்றரை மடங்கு கிடையாது, 12,500. ஸ்னார்லாக்ஸ் 110, ஆக 11,000. அட்டாக்கில் கடைசியாக இருந்த நிடோகிங் முதலிடத்துக்கு வந்துவிட்டது. நிடோகிங்குக்கு எர்த்க்வேக் லெவலில் வராது என்பதால் டிஎம்முக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் இந்த மூன்றில் இல்லை.

சைக்கிக் டிஎம்முக்கு என் தேர்வு எக்ஸெக்யூட்டர். ஸ்பெஷல் அட்டாக் 125, சொந்த வகை, தானாகக் கற்றுக்கொள்ளாது.

படி 5: நோட்டுப் போடுங்கள்

பெரிதாக ஒன்றும் வேண்டாம். பையன் அவனுடைய ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டான். டிஎம்மின் பெயர், திரும்பக் கிடைக்குமா, யாருக்கு, ஏன். "ஏன்" என்ற கட்டத்தில் ஒரு வரி எழுத முடியாவிட்டால் அந்த டிஎம்மை அன்றைக்குப் போடுவதில்லை என்று பேசிக்கொண்டோம். டிஎம் இல்லாமலே மூவ் கற்றுத்தரும் டுட்டர்களையும் இதே பக்கத்தில் எழுதுங்கள். ராக் டனலில் ராக் ஸ்லைடு கற்றுத்தருபவர் மாதிரி இருக்கும் டுட்டர்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறைதான் கற்றுத்தருவார்கள். அவர்களும் கட்டை வகைதான்.

படி 6: அதற்காகப் பூட்டியும் வைக்காதீர்கள்

இதையெல்லாம் கேட்டுவிட்டு அடுத்த இரண்டு நாள் அவன் எந்த டிஎம்மையும் தொடவில்லை. பை நிறைய டிஎம் இருக்க, ஒவ்வொரு சண்டையிலும் திணறிக்கொண்டிருந்தான். அதுவும் தப்பு. மழை வந்தும் கட்டையை எடுக்காவிட்டால் அது அப்படியே உளுத்துப்போகும். ஒரு ஜிம்மில் இரண்டு முறை தோற்றுவிட்டீர்கள், அந்த மூவ் இருந்தால் ஜெயிக்கலாம், போடப்போகும் போகிமான் கடைசிவரை உங்கள் அணியில் இருக்கும், அப்படியென்றால் போடுங்கள். கடைசியில் மோத வேண்டிய எதிராளிகளில் ஒருவரான லான்ஸின் டிராகோனைட்டுக்கு ஐஸ் மூவ் நாலு மடங்கு அடிக்கும். அதற்கு முன் ஐஸ் பீம் ஒன்று அணியில் இருந்தாக வேண்டும், லாப்ராஸ் இல்லையென்றால் 80,000 செலவழிக்கத் தகுந்த இடம் அதுதான்.

நண்பர்களிடம் இன்னொரு கேட்ரிட்ஜும் லிங்க் கேபிளும் இருந்தால், டிஎம்மைப் போகிமான் கையில் கொடுத்து டிரேடு செய்யலாம். அவர்களுக்குத் தேவைப்படாத எர்த்க்வேக் உங்களுக்கு வரும். எச்எம்மை இப்படி அனுப்ப முடியாது.

நேற்று நான்காவது ஜிம்மில் எரிகா கிகா டிரெயின் டிஎம் கொடுத்தார். பையன் நேராக நோட்டை எடுத்தான். வெளியே மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்க, மேசையில் வர்க்கியும் டீயும் ஆறிக்கொண்டிருக்க, பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். "ஏன்" கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஜூன் முதல் வாரம் மேட்டுப்பாளையம் பஸ் ஏறும்போது கேம்பாயையும் சார்ஜரையும் சேர்த்துக் கொடுத்தனுப்பப்போகிறேன்.