'கி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பிராணன் என்று எழுதாதீர்கள்

ஜப்பானிய மொழிப் பாடத்தில் 'கி' வந்ததும் நோட்டில் 'பிராணன்' என்று குறிக்கத்தான் கை போகும். தப்பில்லை. சீனத்திலிருந்து வந்த சொல். மூச்சு, ஆவி, உயிர்ச்சக்தி எல்லாம் அதற்குள் உண்டு. ஐகிடோ என்ற தற்காப்புக் கலையிலும் ரெய்கி என்ற தொடு சிகிச்சையிலும் இருப்பது இதே கிதான். ஆனால் அன்றாடப் பேச்சில் அது நம் 'மனசு' செய்கிற வேலையைத்தான் அதிகம் செய்கிறது.

அதை எழுதும் சீன எழுத்து சுலபம், 6 கோடுகள். பழைய வடிவத்துக்குள் 'அரிசி' என்று பொருள்படும் எழுத்து இருந்தது. எளிமையாக்கியபோது அங்கே பெருக்கல் குறி மாதிரி ஒன்று வந்துவிட்டது.

உச்சரிப்பில்தான் சறுக்கும். மரத்துக்கும் 'கி' என்றுதான் பெயர். 'கி க' என்று உருபோடு சொல்லிப் பாருங்கள்: மரமென்றால் 'கி' மேலே ஏறி 'க' இறங்கும், மனசென்றால் 'கி' தாழ்ந்து 'க' ஏறும். அந்த 'க' கங்கையின் முதல் எழுத்தைப் போல ஒலிக்க வேண்டும். தமிழில் கல்லின் 'க'வுக்கும் கங்கையின் 'க'வுக்கும் ஒரே எழுத்து என்பதால், பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் மலையாளம் படித்தவர்கள் இந்தக் குறிப்பை மலையாள எழுத்தில் எழுதிக்கொள்வது நல்லது. அதில் இரண்டும் தனித்தனி.

இனி, 'கி'யைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். உருபையும் வினையையும் சேர்த்து ஒரே துண்டாகப் படியுங்கள்.

'கி ஓ த்சுகெரு' பிறவினை: கவனத்தை வைப்பது. கிளம்புகிறவரிடம் 'கி ஓ த்சுகெதெ' என்றால் நம்ம 'பாத்துப் போ', பாலக்காட்டில் 'சூக்ஷிச்சு போ'. 'கி க த்சுகு' தன்வினை: கவனத்தில் படுவது. மயக்கம் தெளிவதற்கும் இதுவே. மயங்கி விழுவது 'கி ஓ உஷினாவ்', கியை இழப்பது. பிராணன் வாசனை கொஞ்சம் மிச்சமிருப்பது இங்கேதான். 'ஓ' துண்டையும் 'க' துண்டையும் மாற்றிப் போடுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. 'கவனிச்சேன்' என்று சொல்ல வந்து 'ஜாக்கிரதையா இருந்தேன்' என்று முடியும்.

'கி நி நாரு' என்றால் தானாக மனசை உறுத்துவது; 'கி நி சுரு' என்றால் நாமே போட்டுக் குழப்பிக்கொள்வது. அதனால்தான் மன்னிப்புக் கேட்பவரிடம் 'கி நி ஷினாய்தெ': 'மனசுல வெச்சுக்காதீங்க'.

கடையில் சட்டை பிடித்துப்போனால் 'கி நி இரிமாஷ்தா', இறந்தகாலம். நிகழ்காலத்தில் சொன்னால் ஒட்டாது. நாமும் 'பிடிச்சிருக்கு' என்றுதானே சொல்கிறோம், 'பிடிக்குது' என்றா?

கி குட்டையாக இருந்தால் முன்கோபி, நீளமாக இருந்தால் பொறுமைசாலி. 'கி நோ தொகு', சொல்லுக்குச் சொல் 'கியின் விஷம்'. பொருளோ 'ஐயோ பாவம்'.

கி ஒட்டிக்கொண்ட சொற்களும் உண்டு. 'தென்கி' வானிலை. தமிழில் அதே போல எழுத வேண்டிய இன்னொரு 'தென்கி' கரண்ட். முதலெழுத்து அங்கே தயிரின் 'த' அல்ல, தேவனின் 'தே' மாதிரி. இந்தக் கரண்ட் தென்கியை வைத்து 'தென்கி ஓ கெஷிதெ' என்று யாராவது சொன்னால் எழுந்து லைட்டை அணையுங்கள்.

'ஓ-கென்கி தெசு கா' (சௌக்கியமா) தினமும் பார்ப்பவரிடம் கேட்கிற கேள்வி அல்ல. நாள் கழித்துப் பார்ப்பவருக்கு உரியது. பதிலில் அந்த 'ஓ'வை எடுத்துவிடுங்கள், அது மரியாதைக்குப் போடுவது: 'கென்கி தெசு'.