திருச்சி – காரைக்குடி சாலையில் ஒரு நாள்

திருச்சியிலிருந்து காரைக்குடிக்குக் காரில் போகும் தம்பதியரே, ஒரு பகல் கையில் இருந்தால் நேரே போய்விடாதீர்கள். நானும் என் கணவரும் எந்தத் திட்டமும் இல்லாமல், நார்த்தாமலை என்ற பலகையைப் பார்த்து வண்டியைத் திருப்பினோம். அங்கே மேலமலை என்ற குன்றில் இருக்கும் விஜயாலய சோழீச்சுரம் என்ற சிவன் கோயிலை வெயில் ஏறும் முன்பே பார்த்துவிடுங்கள். பாறை சுட ஆரம்பித்தால் நடப்பது கடினம், நிழலும் குறைவு.

அடுத்து சித்தன்னவாசல். குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக்குள ஓவியம் மங்கித்தான் இருக்கிறது. கண் பழகும்வரை பொறுமையாக அண்ணாந்து நின்றால் மீன்களும் அன்னங்களும் ஒவ்வொன்றாகத் தெரியவரும். எங்களுக்கு அங்கிருந்து கிளம்பவே மனமில்லை!

மதிய உணவுக்குப் புதுக்கோட்டை. 1687-இல் கட்டப்பட்ட திருமயம் கோட்டைக்கு மாலை நான்கு மணிக்குள் போய்விடுங்கள். குடிநீர் மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.