பெல் சோதனையின் ஓட்டைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவாண்டம் இயற்பியலில் பின்னிய (entangled) இரு துகள்களைத் தொலைவில் வைத்து அளந்தாலும் முடிவுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக வருகின்றன. துகள்கள் விடையை முன்பே சுமந்து வருகின்றன, ஒன்றின் அளவீடு மற்றதை ஒளியைவிட வேகமாகப் பாதிப்பதில்லை என்றால், அந்தத் தொடர்புக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைதான் பெல் சமனிலி; அது மீறப்படுகிறதா என்று பார்ப்பது பெல் சோதனை. அந்த மீறலுக்கு வேறு விளக்கம் சொல்ல இடம் தரும் குறைதான் ஓட்டை. 1982-இல் பிரான்சின் ஓர்சேயில் இயற்பியலாளர் அலான் ஆஸ்பெ செய்த பெல் சோதனையோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். முடியவில்லை. ஒரு முனையின் தேர்வு மறுமுனைக்குத் தெரிந்துவிடாதபடி, ஃபோட்டான்கள் (ஒளித் துகள்கள்) பறந்துகொண்டிருக்கும்போதே அளவிடும் திசையை அவர் மாற்றியது பெரிய சாதனைதான். ஆனால் அந்த மாற்றம் கிட்டத்தட்ட ஒரே தாளத்தில் நடந்தது. அதனால் அதை முன்கூட்டியே ஊகிக்க முடியும். 1998-இல் இன்ஸ்ப்ரூக்கில் இரு முனைகளையும் 400 மீட்டர் பிரித்து, திசையைத் தற்செயல் எண்களால் தேர்ந்தெடுத்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது.

அங்கேயும் சுமார் 5 சதவீத ஃபோட்டான்கள்தான் பதிவாயின. கதவைத் திறந்தவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு ஊரின் கருத்து இதுதான் என்று சொல்வதைப் போன்றது இது. நழுவிப்போன ஃபோட்டான்களும் பதிவானவற்றைப் போலவே நடந்துகொண்டிருக்கும் என்பது அனுமானம், அளவீடு அல்ல. முழுமையாகப் பின்னிய ஜோடிகளை வைத்து வழக்கமான பெல் சமனிலியைச் சோதிக்க, அனுமானம் வேண்டாம் என்றால், சுமார் 83 சதவீதமாவது பதிவாக வேண்டும். அரைகுறையாகப் பின்னிய ஜோடிகள் என்றால் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினாலே போதும் என்று 1993-இல் இயற்பியலாளர் எபர்ஹார்ட் காட்டினார். விநோதம்தான், ஆனால் பின்னாளில் ஃபோட்டான் சோதனைகள் வென்றது இந்த வழியில்தான்.

என் பார்வையில் மோசமான தவறு, ஓட்டைகளைத் தனித்தனிச் சோதனைகளில் அடைத்துவிட்டுக் கூட்டிக்கொள்வது. 2001-இல் அமெரிக்காவின் போல்டரில் அயனிகளை வைத்து, ஒன்றைக்கூட விடாமல் அளந்தார்கள். ஆனால் அயனிகளுக்கு நடுவே சில மைக்ரோமீட்டர்தான் இடைவெளி; ஒன்றின் செய்தி மற்றதை எட்ட நேரம் இருந்தது. இன்ஸ்ப்ரூக்கையும் போல்டரையும் சேர்த்தால் முழுச் சோதனை ஆகாது. இயற்கை இங்கே ஓர் ஓட்டையையும் அங்கே இன்னொன்றையும் பயன்படுத்தியிருக்கலாமே! 2015-இல் டெல்ஃப்ட், வியன்னா, போல்டர் குழுக்கள் தொலைவு, பதிவு என்ற இரு ஓட்டைகளையும் ஒரே சோதனையில் அடைத்தன. டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளி, 245 முயற்சிகள், பெல் சமனிலியின் எல்லை 2 என்ற இடத்தில் கிடைத்தது 2.42. அதன் பி-மதிப்பு 0.039, அதாவது எல்லை உண்மையில் மீறப்படாமலே தற்செயலாக இப்படி வர அதிகபட்சம் சுமார் 4 சதவீத வாய்ப்பு; தனியாகப் பார்த்தால் இது அவ்வளவு வலுவான சான்று அல்ல. மற்ற இரண்டின் புள்ளிவிவரம் இதைவிட மிக உறுதியானது.

சரி, எல்லா ஓட்டையும் அடைபட்டதா? அதுவும் இல்லை. 2018-இல் குவாசர் (மிகத் தொலைவிலுள்ள, மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையம்) ஒளியைக் கொண்டு திசையைத் தேர்ந்தெடுத்து, திசைத் தேர்வையும் ஃபோட்டான்களையும் சேர்த்துப் பாதித்த பொதுக் காரணம் ஒன்று இருந்தால் அது 780 கோடி ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்க வேண்டும் என்று காட்டினார்கள். பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே எல்லாம் தீர்மானமாகிவிட்டது என்பவரை எந்தச் சோதனையும் மறுக்க முடியாது.

அப்புறம், இதை வைத்து ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்ற பேச்சு; அதுவும் தவறு. ஒரு முனையில் இருப்பவருக்குத் தெரிவது தற்செயல் எண்கள் மட்டுமே. இரு பட்டியல்களையும் ஒப்பிட்டால்தான் தொடர்பு தெரியும். பட்டியலோ சாதாரணத் தொலைத்தொடர்பில்தான் வந்து சேர வேண்டும்.