யார் யாரிடம் சந்தேகம் கேட்கிறார்கள்? வகுப்பின் வலையை வரையும் முறை

தொண்டியில் கடல் அறிவியல் முதுகலைப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். படிப்பு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று மதிப்பெண் பட்டியலில் தெரியாது. அதைப் பார்க்கத்தான் சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வு. பள்ளிப் பிள்ளைகளிடம் ‘பக்கத்தில் யார் உட்கார வேண்டும்?’ என்று கேட்டு, பதில்களைப் புள்ளியும் கோடுமாக வரைந்து 1934-இல் வெளியிட்டார் மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ. இன்றும் அடிப்படை அதுதான்.

கேள்வியில்தான் பாதி வேலை இருக்கிறது. ‘உன் நண்பர்கள் யார்?’ என்று கேட்காதீர்கள். நட்புக்கு ஆளுக்கொரு கணக்கு. ‘கடந்த இரண்டு வாரத்தில் செய்முறைச் சந்தேகத்தை யாரிடம் கேட்டாய்?’ என்று கேளுங்கள். வகுப்பின் முழுப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லுங்கள். நினைவிலிருந்து எழுதினால் நெருங்கியவர்கள் பெயர்தான் வரும். போகிற போக்கில் ஒருமுறை கேட்ட ஆள் விடுபட்டுப்போவார்.

அன்று லீவு போட்டவர்களிடமும் மறுநாள் கட்டாயம் வாங்கிவிடுங்கள். திருப்பாலைக்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளைதான் விடுதிக்காரர்களுக்கும் ஊரிலிருந்து வருவோருக்கும் நடுவே ஒரே பாலமாக இருக்கலாம். அந்தத் தாள் இல்லையென்றால் படமே இரண்டாகிவிடும்.

அப்புறம் எக்செல்லில் இரண்டு நெடுவரிசை: கேட்டவர் ‘சோர்ஸ்’, கேட்கப்பட்டவர் ‘டார்கெட்’. தலைப்பை ஆங்கிலத்தில் கொடுங்கள். பெயருக்குப் பதில் எண். சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய கோப்பாக) சேமித்து, வலை வரையும் இலவச மென்பொருளான கெஃபியில் ‘டைரக்டட்’ (திசையுள்ளது) என்று தேர்ந்து திறவுங்கள். அம்புக்குறிகளோடு படம் வரும்.

ஒருவரை நோக்கி எத்தனை அம்பு வருகிறது என்பதை முதலில் பாருங்கள். எங்கள் வகுப்பில் நண்டுப் பாடத்தின்போது அம்பெல்லாம் ஒரு மீனவர் வீட்டுப் பெண்ணிடம் போயின. நண்டைப் புரட்டி, வயிற்று மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகன்று வளைந்திருந்தால் பெண் என்று நொடியில் சொல்லிவிடுவாள். மதிப்பெண் பட்டியலில் அவள் நடுவில்தான் இருக்கிறாள். புள்ளியியலுக்குக் கேட்டபோது அம்புகள் வேறு பக்கம் திரும்பின. ஆகவே பாடத்துக்கு ஒரு வலை வரைவதே சரி.

அடுத்தது ‘பிட்வீன்னஸ்’: பிறரை இணைக்கும் மிகக் குறுகிய வழிகளில் ஒருவர் எவ்வளவு நிற்கிறார் என்ற அளவு. பாலமாக இருப்பவர்கள் இதில் தெரிவார்கள். ஆய்வகக் குழு பிரிக்கும்போது அவர்களை ஒரே குழுவில் அடைக்காதீர்கள்.

தனித்து நிற்கும் புள்ளியைப் பார்த்து ‘பின்தங்கிய பிள்ளை’ என்று முடிவு கட்டவும் வேண்டாம். அந்தப் பையன் சீனியரிடம் கேட்டிருக்கலாம். உங்கள் பட்டியலில் சீனியர்கள் இல்லையே. கூப்பிட்டுப் பேசுங்கள்.

பெயருள்ள தாள்களைத் துறைத்தலைவர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே தாளை நீட்டுங்கள்.