மனதுக்குள் ஓடுவதற்கு எந்தக் குறி?

மொரீசியஸில் தமிழில் கதை எழுதிப் பார்க்கும் பிள்ளைகளின் நோட்டுகளை நான் வாசித்துக் கொடுப்பதுண்டு. பாத்திரம் வாய்திறந்து பேசும் இடத்தில் பெரிய பிழை இருக்காது. மனதுக்குள் நினைக்கும் இடம் வந்ததும் குறிகள் தடுமாறும். பிரெஞ்சும் ஆங்கிலமும் எழுதிக் கை பழகிய பிறகு தமிழ்க் கதைக்கு வருகிறோம், அதனால்தான்.

பிரெஞ்சு அச்சில் « » போடுவதும், கேள்விக்குறிக்கு முன்னால் இடைவெளி விடுவதும் சரி. தமிழுக்கு அவை வேண்டாம். இன்னொரு பழக்கம் கூடுதல் தொல்லை. 'நினைத்தான்' என்ற சொல்லை பிரெஞ்சில் மேற்கோளை மூடாமலே நடுவில் செருகுவார்கள். அங்கே வினை முன்னும் எழுவாய் பின்னும் புரண்டு வருவதால் வாசகருக்குப் புரிந்துவிடும். 'மழை வரும், நினைத்தான் அவன், குடை இல்லையே' என்று தமிழில் எழுதினால் நினைப்பவன் யார், சொல்பவர் யார் என்றே தெரியாது. மூடித் திறக்க வேண்டும்: 'மழை வரும்' என்று நினைத்தான். 'குடை இல்லையே!'

அடுத்தது நான் அதிகம் பார்க்கும் பிழை. இந்த வரியைப் பாருங்கள்:

அவன் அம்மா சொன்னது சரிதான் என்று நினைத்தான்.

அவனுடைய அம்மா சொன்னதை வேறொருவன் நினைக்கிறானா? அல்லது அவனே தன் அம்மாவைப் பற்றி நினைக்கிறானா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். எண்ணம் முடியும் இடத்தை 'என்று' காட்டிவிடுகிறது, தொடங்கும் இடத்தைக் காட்ட ஒன்றுமில்லை. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்து அந்த வேலையில் கைகொடுக்கும். நம் எழுத்தில் பெரிய எழுத்தே கிடையாது. அதனால் எண்ணம் வாக்கியத்தின் நடுவில் தொடங்கினால் ஒற்றை மேற்கோள் போடுங்கள்: அவன், 'அம்மா சொன்னது சரிதான்' என்று நினைத்தான். இல்லாவிட்டால் எழுவாயைக் கடைசிக்குத் தள்ளுங்கள்: அம்மா சொன்னது சரிதான் என்று நினைத்தான் அவன். எனக்குப் பிடித்தது இரண்டாவது. குறியே வேண்டியதில்லை.

அப்புறம், 'தான்'. 'தான் கியூர்பிப் ஊருக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டோமோ' என்று தவித்தாள் என எழுதுகிறார்கள். மேற்கோள் போட்டால் உள்ளே இருப்பது அவள் மனக்குரல், அங்கே 'தான்' வராது. 'பஸ்ஸை விட்டுட்டோமா?' என்று தவித்தாள். மேற்கோள் இல்லாவிட்டால், தான் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டதாக நினைத்துத் தவித்தாள். தனியாக யோசிக்கும்போது நாம் பெரும்பாலும் 'நாம' என்றுதானே நினைக்கிறோம்? 'நாம அங்க போயிருக்கக் கூடாது.' மனசையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளும் இந்தப் பன்மை தமிழின் அழகு. 'நான் போயிருக்கக் கூடாது' என்று அதைத் திருத்திவிடாதீர்கள்.

கேள்விக்குறி சிறிய விஷயம். வருவானா என்று யோசித்தாள். இங்கே கேள்விக்குறி தேவையில்லை. மேற்கோளுக்குள் போனால் போடலாம்: 'வருவானா?' என்று யோசித்தாள். தயங்குவதைக் காட்ட மூன்று புள்ளி போதும், ஏழு எட்டு வேண்டாம். எண்ணத்தை அடைப்புக்குறிக்குள் போட்டால் நாடக வசனம்போல் ஆகிவிடும். சாய்வெழுத்தும் வேண்டாம். பல தமிழ் எழுத்துருக்களில் தனியாக வரைந்த சாய்வு வடிவம் கிடையாது, கணினி நேர் எழுத்தையே சரித்துக் காட்டுகிறது. ஒரு பக்கம் அப்படிப் படித்தால் கண் வலிக்கும்.

நம் பாத்திரங்கள் நிஜத்தில், மொரீசியஸில் அன்றாடம் பேசும் கிரியோல் மொழியில்தானே நினைப்பார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். சரிதான். அதற்காகக் கிரியோல் வரியும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தமிழும் போட்டால் மனம் ஓடாது, அகராதி புரளும். ஓரிரு சொல் போதும், மற்றதைத் தமிழில் ஓடவிடுங்கள்.

குறியே இல்லாமலும் எழுதலாம்:

சிவகாமி வானொலியை அணைத்தாள். இரண்டாம் புயல் எச்சரிக்கை. நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகளை யாரிடம் விடுவது? ஜன்னல் தாழ்ப்பாளைப் போட எழுந்தாள்.

நடுவில் உள்ள மூன்று வரியும் அவள் நினைப்பு. மேற்கோளும் இல்லை, 'நினைத்தாள்' என்பதும் இல்லை, இருந்தும் ஐயம் வரவில்லை. இதே பத்தியில் ஒரு வரிக்கு மட்டும் திடீரென்று மேற்கோள் போட்டால், மற்ற வரிகள் யாருடையவை என்று வாசகர் திரும்பிப் பார்ப்பார்.