அடிமை டௌக்களும் ரோந்துக் கப்பல்களும்: ஆவணங்களை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மூன்று பேர் தங்கள் கட்டுரை வரைவுகளை எனக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றுக்கும் ஒரே பொருள்தான். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் அரபிக்கடலிலும் பிரிட்டிஷ் கடற்படை நடத்திய ரோந்து, முதலில் அடிமை வியாபாரத்துக்கு எதிராக, அப்புறம் துப்பாக்கிக் கடத்தலுக்கு எதிராக. வாசிக்க வாசிக்க எனக்கு மனசு கேட்கவில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் நான் செய்த தவறுகள் வரிசை மாறாமல் அப்படியே இருந்தன. தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கப்பல் பெயரைப் பிழையாக எழுதுவது, பக்க எண்ணை விட்டுவிடுவது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை, அவை தானாகச் சரியாகிவிடும்.

பிடித்தவர் சொன்னதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

இதுதான் பெரிய தவறு. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவதும் இதுதான், ஏனென்றால் என் உழைப்பில் ஏறக்குறைய ஒரு வருடத்தை இது தின்றுவிட்டது.

கடற்படை அறிக்கைகளில் நீளமான அட்டவணைகள் வரும். கப்பலின் பெயர், பிடித்த நாள், இடம், டௌவின் டன் அளவு, அதில் இருந்த அடிமைகளின் எண்ணிக்கை, கடைசியில் டௌ என்ன ஆனது என்ற குறிப்பு. டௌ என்பது அந்தக் கடலில் ஓடிய அரபுப் பாய்க்கப்பல்களுக்கு ஆங்கிலேயர் வைத்த பொதுப்பெயர். நான் அந்த அட்டவணைகளை வரி வரியாகப் பிரதி எடுத்து, பிடிபட்ட எல்லாவற்றையும் ‘அடிமைக் கப்பல்’ என்று கூட்டி, பெரிய எண் ஒன்றைத் தலைப்பிலேயே போட்டுக் கட்டுரை எழுதினேன். ஒரு கருத்தரங்கில் வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு மூத்த ஆய்வாளர், “இதில் எத்தனை கப்பலில் ஆள் இருந்தார்கள்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஊருக்குத் திரும்பி அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால், அடிமைகளின் எண்ணிக்கை இருக்க வேண்டிய கட்டத்தில் பல வரிகளில் பூஜ்யம். அந்தக் கட்டத்தை நான் பார்க்காமல் இல்லை, பார்த்தும் அதற்கு என்ன பொருள் என்று யோசிக்கவில்லை.

பொருள் பணத்தில் இருக்கிறது. கப்பலைப் பிடித்தவர்களுக்கு வெகுமதி உண்டு. 1830களில் இருந்து நடைமுறையில் இருந்த கணக்குப்படி, மீட்ட ஒவ்வொரு அடிமைக்கும் 5 பவுண்டு. ஆள் யாரும் இல்லாமல் பிடிபட்ட, ஆனால் அடிமை வியாபாரத்துக்குத் தயாரானது என்று தீர்ப்பான கப்பலுக்கு டன்னுக்கு 4 பவுண்டு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 டன் உள்ள வெறும் டௌ ஒன்றுக்கு 400 பவுண்டு, அதாவது எண்பது மனிதர்களை உயிரோடு கரை சேர்த்தால் கிடைக்கும் அதே தொகை. அந்த டன் அளவை எடுத்தவர் யார்? பிடித்த கப்பலின் அதிகாரிதான். அளந்த பிறகு டௌவைப் பெரும்பாலும் கடலிலேயே எரித்துவிடுவார்கள், துறைமுகம் வரை இழுத்துவரத் தகுதியில்லாத கப்பல் என்று ஒரு சான்றிதழும் எழுதிவைப்பார்கள். மறுபடி அளக்க அங்கே ஒன்றும் மிச்சம் இருக்காது. நகோடா எனப்படும் கப்பல் தலைவர் கையில் இருந்த காகிதங்களோ அரபியில் இருக்கும், அதிகாரிக்கு அரபி தெரியாது, மொழிபெயர்ப்பாளர் சொன்னதுதான் சாட்சி. குற்றம் சாட்டியவர், சாட்சி சொன்னவர், அளந்தவர், பணம் பெறப்போகிறவர் எல்லாம் ஒரே தரப்பு. இப்படிப்பட்ட ஒரு காகிதத்தைத்தான் நான் முடிந்த உண்மையாக எடுத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்திலேயே இதைப் பார்த்துக் கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். 1860களின் இறுதியில் கமடோர் லியோபோல்ட் ஹீத் தலைமையில் ரோந்து தீவிரமானபோது, நேர்மையான வியாபாரிகளின் டௌக்களும் எரிக்கப்படுகின்றன என்ற புகார் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய சான்சிபார் தீவில் இருந்த பிரிட்டிஷ் கான்சல் (அரசுப் பிரதிநிதி) அலுவலகத்தில் இருந்தே லண்டனுக்குப் போனது. டௌவில் மாலுமியாகவோ வீட்டு வேலைக்காரராகவோ ஒன்றிரண்டு அடிமைகள் இருப்பது மட்டுமே அது அடிமை வியாபாரக் கப்பல் என்பதற்குச் சான்று ஆகாது என்று 1869இல் கடற்படைக்குப் புதிய அறிவுறுத்தல் வந்தது. அதே 1869இல் சான்சிபார் கான்சலுக்கு வைஸ் அட்மிரால்ட்டி நீதிமன்ற அதிகாரமும், அதாவது பிடிபட்ட கப்பல்களின் வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும், சட்டப்படி கிடைத்தது. அதனால் ஒரு டௌ பிடிபட்ட கதையை எழுதும்போது, கப்பலின் அறிக்கை, நீதிமன்றத்தின் தீர்ப்பு, கான்சலின் கடிதம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். மூன்றும் கிடைக்காவிட்டால் ‘அடிமைக் கப்பல் பிடிபட்டது’ என்று எழுதாதீர்கள், ‘அடிமைக் கப்பல் என்று சொல்லிப் பிடித்தார்கள்’ என்று எழுதுங்கள். ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் அந்த ஒரு சொல் இல்லாததால் என் கட்டுரை முழுவதும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

இதைச் சொன்னவுடன் சிலர் எதிர்ப்பக்கம் ஓடிவிடுகிறார்கள். அந்த மூன்று வரைவுகளில் ஒன்று அப்படித்தான், ரோந்து மொத்தமும் வெகுமதிக்காக நடந்த கொள்ளை என்று எழுதியிருந்தது. அதுவும் தப்பு. கிழக்கு ஆப்பிரிக்கக் கரைத் துறைமுகமான கில்வாவில் இருந்து ஏற்றப்பட்ட மனிதர்கள் உண்மையானவர்கள், நெருக்கியடித்து உட்காரவைக்கப்பட்டு, சாப்பாடும் தண்ணீரும் போதாமல் எலும்பும் தோலுமாக மீட்கப்பட்ட குழந்தைகள் உண்மையானவர்கள். வெறும் டௌவுக்குக் காசு கொடுத்த அதே அட்டவணையில்தான் இவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

கொடியை வைத்துக் கப்பலை முடிவு செய்வது

பிரெஞ்சுக் கொடி பறந்தால் பிரிட்டிஷ் கடற்படை சோதனை போட முடியாது, பிரான்ஸ் அந்த உரிமையைக் கொடுக்கவில்லை. இது எவ்வளவு ஆபத்தான விஷயம் என்பதற்கு 1881 டிசம்பர் 3ஆம் தேதி நடந்தது போதும். சான்சிபாரில் நிலையாக நின்ற ‘லண்டன்’ என்ற கப்பலின் தலைவர் பிரவுன்ரிக், பெம்பா தீவின் அருகே நீராவிப் படகில் போய் பிரெஞ்சுக் கொடி கட்டிய ஒரு டௌவின் பக்கத்தில் நின்றார். சோதனை போட அல்ல, கொடி உண்மையானதா என்று காகிதத்தைப் பார்க்க மட்டும். அதனால் ஆட்கள் ஆயுதத்தோடு தயாராக இல்லை. டௌவில் இருந்தவர்கள் சுட்டார்கள், பிரவுன்ரிக் அங்கேயே போராடிச் செத்தார். உள்ளே அடிமைகள் இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, பிரெஞ்சுக் கொடி கட்டிய டௌ எல்லாமே அடிமைக் கப்பல் என்று எழுதுகிறார்கள். ஓமானில் ஸூர் என்ற ஊர்க்காரர்கள் பலர் பிரெஞ்சுக் கொடி வாங்கிவைத்திருந்தார்கள், அவர்களில் சாதாரண வியாபாரிகளும் உண்டு. இந்தக் கொடிச் சண்டை ஹேக் நகரத்து நடுவர் மன்றம் வரை போய், 1905இல்தான் தீர்ப்பு வந்தது. 1892 ஜனவரி 2க்குப் பிறகு புதிதாகக் கொடி கொடுப்பதென்றால், 1863க்கு முன்பே பிரெஞ்சுப் பாதுகாப்பு பெற்றவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆகவே எந்த வருடத்துக் கொடி என்று பார்க்காமல் ‘போலிக் கொடி’ என்று எழுதிவிடாதீர்கள்.

எது சட்டவிரோதம் என்று தேதி பார்க்காமல் எழுதுவது

1873 ஜூன் 5 ஒப்பந்தத்துக்கு முன்னால், சான்சிபார் சுல்தானின் ஆப்பிரிக்கப் பகுதிக்குள், அதாவது கில்வாவுக்கும் லாமுவுக்கும் இடையில், அடிமைகளைக் கப்பலில் ஏற்றிச் செல்வது அங்கே சட்டப்படி செல்லும். 1845 ஒப்பந்தம் தடுத்தது வெளியே ஏற்றுமதி செய்வதை மட்டும்தான். 1870இல் கில்வாவுக்கும் சான்சிபாருக்கும் நடுவில் போன டௌவைக் ‘கடத்தல் கப்பல்’ என்று எழுதினால் அது பிழை.

நாள் கணக்கு

1805க்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலின் லாக் புத்தகத்தில், அதாவது தினப் பதிவேட்டில், நாள் நள்ளிரவில்தான் தொடங்கும். நண்பகலில் நாள் தொடங்கும் பழைய கணக்கைக் கொண்டுவந்து தேதியைத் திருத்தாதீர்கள்.

காற்றை மறப்பது

வாடையில் டௌக்காரர்கள் அரபுக் கரையில் இருந்து தெற்கே வருவார்கள், தென்மேற்குக் காற்று எழுந்ததும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வடக்கே திரும்புவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிடிபட்டவை அதிகம் என்றால் அதற்குக் காரணம் இந்தக் காற்று, ‘கடற்படையின் புது உற்சாகம்’ அல்ல.

துப்பாக்கி ரோந்தையும் அடிமை ரோந்தையும் ஒன்றாகக் கட்டுவது

கப்பல்களும் துறைமுகங்களும் ஒன்றாக இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. 1890 பிரசெல்ஸ் உடன்படிக்கையிலும் அடிமை வியாபாரமும் ஆயுதமும் ஒரே காகிதத்தில் வரும். ஆனால் 1909க்குப் பிறகு ஓமான் வளைகுடாவில் நின்ற கப்பல்களுக்கு வேறு காரணம். மஸ்கட்டில் இறங்கிய ஐரோப்பியத் துப்பாக்கிகள் எதிரே இன்றைய ஈரான், பாகிஸ்தானின் தென்கரையான மக்ரானில் இறக்கப்பட்டு, ஆப்கானிய ஒட்டக வணிகர்கள் வழியாக இந்தியாவின் வடமேற்கு எல்லைக்குப் போய், அங்கே பிரிட்டிஷ் படையை நோக்கித் திரும்பின. பயம் அதில் இருந்து வந்தது, மனிதாபிமானத்தில் இருந்து அல்ல.

விற்றவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் என்று எழுதுவதும் சரியல்ல. 1898 ஜனவரியில் மஸ்கட் கடலில் ‘லாப்விங்’ போர்க்கப்பல் ‘பலூசிஸ்தான்’ என்ற கப்பலில் இருந்து ஆயுதங்களைக் கைப்பற்றியது. அந்தச் சரக்கின் உரிமையாளர்கள் பிரிட்டிஷ் வியாபாரிகள். அவர்கள் கடற்படை அதிகாரியின் மேலேயே வழக்குப் போட்டு, 1902இல் அன்றைய பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார்கள். சுல்தானின் பிரகடனப்படி மஸ்கட் கடலுக்குள் அந்தச் செயல் சட்டப்படியானது என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. ஓமான், மக்ரான், லண்டன் மூன்றும் ஒரே கதைக்குள் வரும்போது, ‘ஆப்பிரிக்காவில் நடந்ததன் தொடர்ச்சி’ என்று ஒரு வரியில் முடிப்பது அநியாயம்.

இடப்பெயர்

ஆவணங்களில் வரும் ஜோஹானா என்றால் கோமரோ தீவுகளில் ஒன்றான அஞ்சுவான்.

‘விடுவிக்கப்பட்டார்கள்’ என்று எழுதிவிட்டு நிறுத்துவது

கப்பலில் இருந்து இறங்கிய பிறகு அவர்கள் எங்கே போனார்கள்? ஏடன், பம்பாய், மொரீஷியஸ், செஷல்ஸ். செஷல்ஸில் இறங்கியவர்களை ஒப்பந்தம் போட்டுத் தோட்டங்களில் வேலைக்கு விட்டார்கள். சம்பளம் உண்டு, ஆனால் தோட்டத்தை விட்டுப் போகும் உரிமை ஒப்பந்தம் முடியும் வரை இல்லை. பம்பாயில் இறங்கிய பிள்ளைகள் சிலர் நாசிக் அருகே ஷரண்பூரில் மிஷனரிகள் நடத்திய ஆப்பிரிக்கர் இல்லத்தில் வளர்ந்தார்கள், கொல்லர், தச்சர் வேலை கற்றார்கள். 1875இல் மொம்பாசாவுக்கு எதிர்க்கரையில் ஃப்ரீர் டவுன் குடியிருப்பு தொடங்கியபோது, நாசிக்கில் வளர்ந்தவர்களில் சிலர் அங்கே திரும்பிப் போனார்கள்.

அட்டவணையில் இவர்கள் ஆண், பெண், பையன், பெண்பிள்ளை என்ற நான்கு கட்டங்களில் எண்களாக நிற்கிறார்கள். ஆனால் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியும். ஜேக்கப் வெயின்ரைட், ரோந்துக் கப்பலால் மீட்கப்பட்டு நாசிக்கில் படித்தவர். ஆப்பிரிக்காவில் பயணம் செய்து அங்கேயே இறந்த ஆய்வாளர் டேவிட் லிவிங்ஸ்டனின் உடலை ஆப்பிரிக்காவின் உள்ளே இருந்து கடற்கரை வரை சுமந்துவந்த குழுவில் ஒருவர், அந்தப் பயணத்துக்கு நாட்குறிப்பும் எழுதினார். 1874 ஏப்ரல் 18ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அந்தச் சவப்பெட்டியின் பக்கத்தில் நடந்தவர்களில் அவரும் உண்டு.