சாரலில் நனையும் ஃபிலிம் கேமரா: ஒலிம்பஸ் மியூ-2 செய்முறை

குற்றாலச் சாரலில் எடுத்த என் முதல் ரோல் கழுவி வந்தபோது, பாதிக்கு மேல் படங்களில் வெள்ளை வெள்ளையாக வட்டப் பொட்டுகள். லென்ஸில் பூஞ்சையோ, உள்ளே ஈரம் இறங்கிவிட்டதோ என்று பயந்துபோனேன். கேமராவில் ஒரு குறையும் இல்லை, பொட்டுகளுக்குக் காரணம் ஃபிளாஷ். அதைப் புரிந்துகொள்ள இன்னும் இரண்டு ரோல் ஆயிற்று. அந்தச் செலவு உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மியூ-2 வெளிவந்த ஆண்டு 1997. அமெரிக்காவில் இதையே ஸ்டைலஸ் எபிக் என்ற பெயரில் விற்றார்கள். 35 மிமீ, எஃப் 2.8 லென்ஸ், மூடியை நகர்த்தினால் கேமரா விழித்துக்கொள்ளும். மேலே தெறிக்கும் நீரைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது, தண்ணீருக்குள் முக்குவதற்காக அல்ல. நீர் புகாமல் இடுக்குகளை அடைக்கும் ரப்பர், கால் நூற்றாண்டு தாண்டிய பிறகு புதிதில் இருந்ததுபோல் இருக்காது. அதனால் சாரலுக்கும் தூறலுக்கும் மட்டும் நம்புங்கள். அருவிக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள்.

படி 1: ரப்பரைப் பாருங்கள்

பின்கதவைத் திறந்து ஓரங்களையும், ஃபிலிம் பெயர் தெரியும் சிறு ஜன்னலைச் சுற்றியுள்ள பகுதியையும் வெளிச்சத்தில் பாருங்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ பொடியாக உதிர்ந்தாலோ அந்தக் கேமராவை மழைக்கு எடுத்துப் போகவேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ஸ்பிரிட், பெட்ரோல் எதுவும் வேண்டாம். ஜன்னல் வழியாக வெளிச்சம் கசிந்தால் கலர் படத்தில் செம்மஞ்சள் கீற்று விழும். நான் வாங்கிய அன்றே ஜன்னல் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டேன். அழகு கொஞ்சம் கெடும், ஆனால் படம் கெடாது.

படி 2: பேட்டரி, ஃபிலிம்

பேட்டரி சிஆர்123ஏ, 3 வோல்ட். பயணத்துக்குக் கிளம்பும்போது புதிதாகப் போடுங்கள். இது தீர்ந்தால் கேமரா ஒன்றுமே செய்யாது.

மழை மூட்டத்துக்கு 400 ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்வு அளவு) ஃபிலிம்தான் என் தேர்வு. நான் போடுவது கோடாக் அல்ட்ராமேக்ஸ். 200 ஐஎஸ்ஓ ஃபிலிம் விலை குறைவுதான், ஆனால் மேகம் கவிந்த மாலையில் ஷட்டர் மெதுவாகிக் கை நடுக்கம் படத்தில் ஏறிவிடும். ஃபிலிமைக் கூரைக்கு அடியில், கை உலர்ந்தபிறகு மாட்டுங்கள். நுனியைக் குறிவரை மட்டும் இழுத்து, மடிப்பில்லாமல் படுக்கவைத்து, கதவை மூடுங்கள். மோட்டார் சுற்றி நின்றதும் திரையில் 1 தெரியவேண்டும். தெரியாவிட்டால் ஃபிலிம் பிடிக்கவில்லை, மறுபடி திறந்து சரிசெய்யுங்கள்.

படி 3: ஃபிளாஷை அணையுங்கள், ஒவ்வொரு முறையும்

நான் கோட்டைவிட்ட இடம் இது. மூட்டமான வெளிச்சத்தைக் கண்டால் கேமரா தானாகவே ஃபிளாஷ் அடிக்கும். எதிரே இருக்கும் அருவி வரை அந்த ஒளி எட்டாது. ஆனால் லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் விழுந்துகொண்டிருக்கும் துளிகளில் முழு வேகத்தில் பட்டுத் தெறிக்கும். துளிகள் அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் ஃபோகஸ் ஆகாமல் வெள்ளை வட்டங்களாக ஊதிப்போகும். என் படங்களில் இருந்த பொட்டுகள் அவைதான்.

ஃபிளாஷ் பொத்தானை, திரையில் 'ஃபிளாஷ் வேண்டாம்' குறி வரும்வரை அழுத்துங்கள். இதோடு முடியவில்லை. மூடியைச் சாத்தினால் அந்த அமைப்பு அழிந்துவிடும், அடுத்த முறை திறக்கும்போது தானியங்கி ஃபிளாஷ் திரும்ப வந்திருக்கும். மழையில் ஒவ்வொரு படத்துக்கும் இடையே மூடியைச் சாத்துவோம், அதனால்தான் நான் ஒருமுறை அணைத்தும் பயனில்லாமல் போயிற்று. 'திற, அணை, திரையைப் பார், பிறகு எடு' என்று கைக்குப் பழக்குங்கள். நான் இப்போது குறியைக் கண்ணால் பார்க்காமல் கேமராவை முகத்துக்கு உயர்த்துவதில்லை.

அருவிக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுத்தால் பின்னால் இருக்கும் வெண்மையால் முகம் இருண்டுபோகும். ஃபிளாஷ், டைமர் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நடுப்புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும். முகத்தை நடுவில் வைத்துப் பாதி அழுத்திப் பிடித்து, பிறகு சட்டகத்தை நகர்த்துங்கள்.

படி 4: நனைந்த பிறகு

மூடியைச் சாத்தும் முன் லென்ஸ் கண்ணாடியில் துளி இருக்கிறதா என்று பாருங்கள். ரோல் முடிந்து தானாகச் சுற்றி முடித்ததும் அவசரப்பட்டுக் கதவைத் திறக்காதீர்கள். கதவின் இடுக்கில் தங்கியிருக்கும் நீர் நேராக ஃபிலிம் அறைக்குள் விழும். இடுக்கு முழுவதும் துடைத்து, அரைமணி நேரம் காற்றாட வைத்துவிட்டுத் திறங்கள். வீட்டுக்கு வந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு தோல் உறையில் அடைத்து வைத்தால்தான் பூஞ்சை பிடிக்கும்.

பிற்சேர்க்கை: ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். தூசும் மணலும் ஒட்டி, ஃபிலிம் மேல் கீறல் விழும்.

இன்னொருவர் டப்பாவில் கறுப்பு வெள்ளிக் கட்டங்கள் இல்லாத, கையால் நிரப்பிய 400 ஃபிலிம் போட்டிருக்கிறார். அந்த டிஎக்ஸ் கட்டங்களைப் படித்துத்தான் கேமரா ஐஎஸ்ஓவை அறிகிறது. கட்டம் இல்லையென்றால் 100 என்று எடுத்துக்கொள்ளும், அப்போது படத்தில் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு ஒளி விழும். டிஎக்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கார் ஜன்னல் வழியாக எடுத்த மலைகள் மங்கலாக வந்தன என்றும் ஒரு கேள்வி. கேமரா அகச்சிவப்புக் கதிரை அனுப்பித் தூரத்தை அளக்கிறது. கதிர் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பினால் மலை பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். கண்ணாடியை இறக்கிவிட்டு எடுங்கள். உள்ளே அடிக்கும் சாரலை இந்தக் கேமரா தாங்கும்.